அம்புக்குறிக்குக் கீழே

மழை விட்ட புழுக்கம். ஏழாம் பாடவேளை.
கொருக்குப்பேட்டை மாநகராட்சிப் பள்ளி, பத்தாம் வகுப்பு ஆ பிரிவு.
கரும்பலகையின் உச்சியில் ஆளுநரை எழுதினேன்.
அவருக்குக் கீழே ஓர் அம்புக்குறி, முதலமைச்சர்.
அமைச்சர்கள். தலைமைச் செயலாளர். துறைச் செயலாளர்கள்.
அதோடு பலகை முடிந்துவிட்டது,
சுண்ணக்கட்டியும்.

சட்டம் இயற்றுவது ஓர் அங்கம்,
அதற்குப் பொருள் சொல்வது ஓர் அங்கம்,
நிறைவேற்றுவது நிர்வாகத்துறை,
ஐந்து மதிப்பெண், அடிக்கோடு போடுங்கள் என்றேன்.
முப்பத்தெட்டு அடிக்கோடுகள்.
அளவுகோல் இல்லாதவர்கள்
அடையாள அட்டையின் விளிம்பில் வைத்து இழுத்தார்கள்.

"நிறைவேத்துறதுன்னா இன்னா சார்?"
இம்ரோஸ் மேலே கை காட்டினான்.
ஜூன் மாதத்திலிருந்து ஓடாத மின்விசிறி.
மூன்று இறக்கையும் மூன்று பக்கம் பார்த்தபடி.
அரசின் மூன்று அங்கம்போல என்று
சொல்ல வாயெடுத்து விழுங்கினேன்.
தொகுப்பூதியக்காரனுக்குச் சிலேடை ஆகாது.

சரி, நடித்துப் பார்ப்போம்.
மின்விசிறிதான் பொருள்.
இம்ரோஸ் மனு எழுதினான்.
ஆளுநர் வேடத்துக்குத்தான் பெரும் போட்டி:
வேலை குறைவு, நாற்காலி பெரிது.
முதலமைச்சர் லோகேஷ்வரன் எடுத்த எடுப்பில் நிதி ஒதுக்கினான்,
கைதட்டல் அடங்கியதும் உட்கார்ந்துவிட்டான்.
செயலாளர் மோனலிசா கண்ணாடியை இரவல் வாங்கி மாட்டி
'ஆவன செய்க' என்று எழுதினாள்.
தாள் பெஞ்சு பெஞ்சாகப் போனது.
உரிய நடவடிக்கைக்கு.
பார்த்தேன்.
பேசவும்.
முன் கோப்புடன் இணைத்து அனுப்புக.
எங்கிருந்துதான் கற்றார்களோ, நான் சொல்லித் தரவில்லை.

கடைசி பெஞ்சில் ஜெபஷீலாவிடம் வந்து நின்றது.
அவள் எந்த வேடமும் கேட்டிருக்கவில்லை.
"நீ யாரும்மா இதில்?"
"நீங்க போட்ட படத்துல எடமே இல்ல சார்.
கீழ முடிஞ்சுபோச்சு."

அவள் அம்மா முதல் ரயிலில் ஏறிக் கோட்டையில் இறங்குகிறவள்.
தலைமைச் செயலகத்தில் மூன்றாம் மாடி. ஒப்பந்தக் கூலி.
நாற்காலிகளுக்கு ஆள் வருமுன் வெளியே வந்துவிட வேண்டும்.
"எங்கம்மா எழுத்துக் கூட்டித்தான் படிக்கும் சார்.
ஆனா எந்தக் கட்டு எத்தினி நாளா தூங்குதுன்னு
தூசிய வச்சே சொல்லும்.
கட்டைத் தொடக் கூடாது, சுத்தித்தான் துடைக்கணும்.
என்னிக்காவது ஒரு கட்டு நகந்துச்சுன்னா
அது இருந்த எடம் மட்டும் பளிச்சுனு தெரியுமாம்,
சதுரமா.
வீட்டுக்கு வந்து சொல்லும்,
இன்னிக்கி ஒண்ணு நகந்துச்சுடின்னு."

யாரும் சிரிக்கவில்லை.
லோகேஷ்வரன் மெல்ல எழுந்து நின்றான், எதற்கென்று தெரியாமல்.

சுண்ணக்கட்டி இல்லை.
தண்ணீர்ப் புட்டியில் விரலை நனைத்து
பலகையின் சட்டத்தைத் தாண்டிச் சுவரில்
அம்புக்குறியை இறக்கினாள் ஜெபஷீலா.
பிரிவு அலுவலர், உதவியாளர், தட்டச்சர்
என்று பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டே,
சுண்ணாம்பு உரிந்த இடத்தில் சற்று வளைந்து,
தரைக்கு ஒரு சாண் மேலே ஒரு சதுரம் போட்டாள்.
உள்ளே ஒன்றும் எழுதவில்லை.
நான் மணியைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன்.
ஆளுநரின் பக்கம் காய்ந்த எழுத்து,
கீழ்ப்பக்கம் ஈரம்.

பள்ளிக்கல்வித் துறையில் என் பெயரும் இருக்கும் ஒரு கோப்பு உண்டு.
பகுதிநேர ஆசிரியர்கள், பணி வரன்முறை, நான்கு வருடம்.
அது எந்த மாடி என்று எனக்குத் தெரியும்.
உன் அம்மாவிடம் ஒருமுறை கேட்டுப் பார் என்று
நாக்கு நுனி வரை வந்தது.
பதினைந்து வயதுப் பெண்ணிடம் மனுக் கொடுப்பதா?
வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டேன்.

மணி அடித்தது.
பதினோரு கையெழுத்து விழுந்த மனுவை,
'ஆளுநரின் ஆணைப்படி' என்ற கடைசி வரியோடு,
நான்காக மடித்து
விசிறிக்கொண்டே படியிறங்கினான் இம்ரோஸ்.
"காத்து வருது சார்" என்றான்.