எந்தத் தடம்

என் வேலை கை காட்டுவது.
குய்வாஸ்து துறையில் கப்பல் வாய் திறந்ததும்
லாரிகள் நடுவே, கார்கள் ஓரத்தில்,
குதிரைப் பெட்டியை இழுத்து வருபவர் கடைசியில்.
ஆறு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை,
ஏன் இந்தத் தடம் என்று.

இன்று டாக்டர் ஹெல்யே என்னைக் கேட்கிறார்.

தாளில் வட்டம் வரைகிறார், வட்டத்துக்குள் வட்டம்.
கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள்:
லேலோ பிறந்த இரவு
பதினொன்றிலிருந்து ஒன்று வரை கிழிந்தது.
தைத்தார்கள்.
நன்றாகத்தான் ஆறியிருக்கிறது.

அந்தத் தானுக்குள் இருக்கிறது
என் நான்கு வருடம்.
மேல்தளத்தில் கழிப்பறை இரண்டு, கீழே ஒன்று,
நடுவில் பதினேழு படி.
காரின் பின்னால், போர்வைக்கு அடியில்,
மாற்றுக் கால்சட்டை.
மாமியாரின் பிறந்தநாளில் கேக் வெட்டும்போது
காற்று பிரிந்துவிட, நாயைத் திட்டினேன்.
பாவம், அது வாலாட்டியது.

கீழ்வழியே பெற்றால்
நூறு பேரில் ஆறேழு பேருக்கு
மறுபடி கிழியலாம்.
வயிற்றைத் திறந்தால் அந்தத் தசைக்குக் கிழிசல் இல்லை.
ஆனால் அதுவும் அறுவைதான்,
அதற்கும் ஒரு தழும்பு, ஒரு அடுத்த முறை.
இரண்டும் தப்பில்லை, என்கிறார்.
நீங்களே சொல்லுங்களேன், என்றேன்.
பேனா மூடியைக் கடித்தார். சொல்லவில்லை.

மிச்சமிருக்கும் தொண்ணூற்று மூன்று பேரை
நினைத்துப் பார்த்தேன்.
ஒரு கப்பல் நிறையப் பெண்கள்,
சாய்ந்து உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள்.
ஏழு பேர் மட்டும்
கதவோரம் நின்றுகொண்டு.

திரும்பும் கப்பலில் நான் பயணி.
எங்கம்மா ஐந்து பெற்றாள், ஒரு கத்தி படவில்லை,
என்று ஆரம்பித்தான் உர்மாஸ்.
நாய் இல்லை, என்றேன்.
என்ன?
அன்றைக்கு நாய் இல்லை. நான்.

அப்புறம் எல்லாம் சொன்னேன், பதினேழு படி உட்பட.
பாதிக் கடல் வரை பேசாமல் இருந்தான்.
இறங்கிப் போய் போர்வையைத் தூக்கிப் பார்த்தான்.
கால்சட்டையை உதறி
மறுபடி மடித்து வைத்தான், கோணலாக.
அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், என்றான்.
என்ன பேசுவான், தெரியாது.

கரையில் ஐனோ மஞ்சள் கையுறையால்
இடது என்று காட்டினாள். போனோம்.

இன்றிரவு ஹெல்யேவுக்கு எழுதுவேன்: வயிறு.
காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது படிவத்தில்.
பயத்தால் அல்ல என்று எழுதி, அடித்தேன்.
பயத்தாலும்தான்.