ஆறடிப் பலகை

வண்ணார்பேட்டை புரோக்கர் சொன்னது எழுபத்தெட்டாயிரம்.
எழுபத்திரண்டுக்கு இறங்கினான், அதுவும் சீக்கிரமாக.
அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடச் சுமோ.
கதவை அடைத்தால் கண்ணாடி இறங்கும்,
கண்ணாடியை ஏற்றினால் ஹாரன் அடிக்கும்.
காஜா முகைதீன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு
சேசிஸ் நல்லாத்தான் இருக்குவே என்றான்.
நாலு சக்கரமும் இழுக்குமா?
ரெண்டு இழுக்கும்.
மத்த ரெண்டும் சும்மா கூட வரும்,
ஒம்ம மச்சினன்மாரு மாதிரி.

ஆடி முழுக்க மேலப்பாளையத்தில் வேலை.
பின்னால் பட்டை இரண்டு கூட்டி
முன்னால் டார்ஷன் பாரை முறுக்க
மூன்று அங்குலம் நிமிர்ந்தது வண்டி.
நாகர்கோவிலில்
ஏதோ ரப்பர் எஸ்டேட் ஜீப்பிலிருந்து கழற்றிய
பட்டன் டயர் ஐந்து.
ஸ்நார்க்கெல் பதினாறாயிரம் என்றார்கள்.
கிதியோன் பம்ப்செட் கடைக்குப் போய்
மூன்றங்குலக் குழாயும் இரண்டு எல்போவும் வாங்கி வந்து
நானூற்றுப் பத்து ரூபாய்க்கு
வண்டிக்கு மூக்கு வைத்தான்.
இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை.
தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிற வண்டி
என்று தெருவில் பேச்சு.

ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்த ஞாயிற்றுக்கிழமை
இடது பக்கத்தில் எழுத்துகள் எழும்பின.
ஸ்டிக்கர் உரித்த தழும்பு,
வெயில் காணாத வெள்ளை.
முதலில் ஊர்.
அடுத்து, பின்னால் ஒரு தி.
முன்பக்கம் தேய்க்கத் தேய்க்க
ஒவ்வோர் எழுத்தாக வந்து
உட்கார்ந்தார் அமரர்.

காஜா கையைத் துடைத்துக்கொண்டு
டீ குடிக்கப் போய்விட்டான்.

வீட்டில் சொல்லவில்லை.
முப்பிடாதி ஹைகிரவுண்டில் பதினொரு வருட நர்ஸ்.
நைட் டியூட்டி முடிந்து வந்தவள்
பின்கதவில் கைப்பிடிக்குப் பதிலாகக் கட்டியிருந்த
செம்புக் கம்பியைப் பார்த்தாள்.
இது மந்திரம் அண்ணாச்சி வண்டில்லா?
இதுல நான் எத்தனை பேர ஏத்தி விட்டிருக்கேன்.
களக்காட்டுக்கு, பணகுடிக்கு,
ஐப்பசி மழையில மாஞ்சோலைக்கு ஒருக்க.
ரோடே இல்லாத எடத்துக்கெல்லாம் போயிட்டு வந்த வண்டி.
இதுக்கு என்னத்துக்கு மூக்கு வச்சிய?

திருப்பிக் கொடுத்துரவா என்றேன்.
உள்ளே பலகை எத்தனை அடி என்றாள்.
ஆறு.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி
நீட்டிப் படுத்துக் கண்ணை மூடினாள்.
டேப்பைப் பிடித்தபடி வெளியே நின்றேன்.
அந்த ஒரு நிமிடம்
எனக்குப் பிடிக்கவில்லை.
தலமாட்டுல ரெண்டு அங்குலம் தூக்கணும்
என்றாள், கண்ணைத் திறக்காமலே.

புரட்டாசியில் குட்டம் தேரி.
செம்மண்ணா, மணலா,
ஒரு தீர்மானத்துக்கு வருவதற்குள்
ஆக்சில் வரை இறங்கிவிட்டோம்.
இழுக்கிற இரண்டும் குழி தோண்டின.
கூட வருகிற இரண்டும் சும்மா பார்த்தன.
வின்ச் வாங்காதது நல்லதாகப் போயிற்று,
கொக்கி மாட்டப் பக்கத்தில் ஒரு மரம் கிடையாது.
பனையெல்லாம் கூப்பிடு தூரத்தில் நின்றது.
இருட்டிவிட்டது. புளியோதரையைப் பிரித்தோம்.
காற்று வண்டியை ஆட்டிக்கொண்டே இருந்தது.
அவள் உடனே தூங்கிவிட்டாள்,
அவளுக்கு அது பழக்கம்.
நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.
இதே தகரம். இதே ஆணி.

விடியற்காலையில் அவள்தான் தட்டினாள்.
பின்கதவு திறக்கவில்லை.
தடவிப் பார்த்தேன்,
உள்பக்கம் கைப்பிடியே இல்லை.
இத்தனை வருடமும்
அது யாருக்கும் தேவைப்பட்டிருக்காது.

முன்சீட்டைத் தாண்டி இறங்கிச் சுற்றி வந்து
கம்பியை அவிழ்த்தேன்.
தலை கலைந்து, கன்னத்தில் பாய்த்தடத்தோடு இறங்கியவள்
டீ கேட்டாள்.

அப்புறம் டயரில் காற்றைப் பதினைந்துக்கு இறக்கி,
நடந்து போய்ப் பனமட்டை பன்னிரண்டு பொறுக்கி வந்து
சக்கரத்துக்கு அடியில் நெருக்கிக் கொடுத்தோம்.
அவள் ஓட்டினாள். நான் தள்ளினேன்.
மட்டை நொறுங்குகிற சத்தத்தில்
எழுந்து வந்தது.

டீசல் பில்லின் பின்பக்கம் எழுதியது:
காற்றடிக்கிற பம்ப்.
அகலமான மண்வெட்டி.
தீப்பெட்டி இரண்டு, தனித்தனியாக.
பின்கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி,
கிதியோனிடம் சொல்ல வேண்டும்.