இரண்டாமவர்

முதலாம் குறுக்குத் தெருவில், பழைய சார்ஜர்களுக்கும்
மூடியில்லாத டீவி ரிமோட்டுகளுக்கும் நடுவே கிடந்தது.
"வேலை செய்யுமா?" என்றேன்.
"கேக்கும். பேசாது" என்றார் இல்ஹாம்.
ஆயிரம் ரூபாய் குறைத்துத் தந்தார்.

வெள்ளவத்தை, ஆறாம் மாடி, கடல் பக்கம்.
உடுப்புக் காயும் கம்பிக்கு மேலே
இப்போது இன்னொரு கம்பி.

முதல் இரவு ஒன்றும் பிடிபடவில்லை.
இலக்கங்கள் ஓடின, நின்றன, ஓடின.
இரைச்சலை அடக்கும் குமிழை இறுக்கினால்
மெலிந்த குரல்கள் செத்துப்போகின்றன.
தளர்த்தினால் தகரத்தில் மழை.
இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை.
அங்கே விரலை வைக்கப் பழக
ஒரு கிழமை ஆயிற்று.

பிறகு அட்டவணையை அச்செடுத்தேன்,
அலுவலகத் தாளில், களவாக, பதினொரு பக்கம்.
ஆகாயத்தைக் காணி உறுதி மாதிரித்
துண்டு துண்டாய் எழுதியிருந்தார்கள்.
எண்பத்தெட்டு முதல் நூற்றெட்டு வரை
பாட்டும் விளம்பரமும் மரண அறிவித்தலும்.
அந்த மதிலுக்கு அப்பால் வழிகாட்டிகள்:
இரவு முழுக்கத் தம் பெயரை மட்டும்
புள்ளியும் கோடுமாய்ச் சொல்லிக்கொண்டிருப்பவை.
நூற்றுப் பதினெட்டில் விமானங்கள்.
நூற்றைம்பத்தாறில் கப்பல்கள்.

பகலில் நான் கப்பல்களுக்கு பில் போடுகிறவள்.
இழுவைப் படகுக் கூலி, நங்கூரக் கட்டணம்,
குடிதண்ணீர் இத்தனை தொன்.
'அல்டோனா' எனக்கு ஒரு கோப்பு இலக்கம்.
புதன் இரவு ஒன்றரைக்கு அது பேசியது,
தடிமன் பிடித்த ஒருவனின் தொண்டையில்.
பதினாறாம் சனலில் கூப்பிட்டான்.
பன்னிரண்டுக்குப் போகச் சொன்னார்கள்.
நானும் போனேன் பின்னாலேயே,
செருப்பில்லாமல் நடப்பவள்போல.
விடிந்தால்தான் உள்ளே வரலாம் என்றதும்
பொத்தானை விட மறந்து
ஒரு பெருமூச்சு விட்டான்.
அதற்கு என் பில்லில் நிரல் இல்லை.

ஏழாம் பக்கம். சில துண்டுகளில்
இரண்டு குடித்தனம்.
பெரிய எழுத்தில் முதலாமவர்.
சின்ன எழுத்தில் இரண்டாமவர்.
அடிக்குறிப்பு, கண்ணைக் குத்தும் பொடியில்:
இரண்டாமவர் முதலாமவருக்கு இடையூறு செய்யலாகாது.
முதலாமவர் செய்யும் இடையூற்றிலிருந்து
பாதுகாப்புக் கோரவும் ஆகாது.

எங்கேயோ வாசித்திருக்கிறேனே இதை.
வாசிக்கவில்லை.
வசித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை திருமதி வெத்தசிங்க,
கட்டடக் குழுச் செயலாளர், அண்ணாந்து பார்த்து
"அது என்ன கம்பி?" என்றார், சிங்களத்தில், சும்மாதான்.
நல்ல மனிசி. சித்திரையில் கிரிபத் கொண்டுவந்தவர்.
ஆனாலும் என் வாய் முந்திக்கொண்டது:
பெயர், வீட்டிலக்கம், எத்தனை வருடமாய் இங்கே.
கை, தோள்பைக்குள்
அடையாள அட்டையைத் தேடியது.
அவர் கேட்டது அதையல்ல.
"டீவிக்கு" என்றேன்.

விமானங்கள் ஏன் இன்னும்
பழைய முறையில் பேசுகின்றன என்பது
நேற்றுத்தான் விளங்கிற்று.
புதிய முறையில் இருவர் ஒரே நேரம் பேசினால்
பலத்த குரல் மெலிந்ததை விழுங்கிவிடும்.
விழுங்கிய தடயமே இராது. அவ்வளவு துப்புரவு.
பழையதில் இரண்டும் மோதி ஒரு கீச்சு எழும்.
காது கூசும்.
அந்தக் கீச்சில்தான் கோபுரத்தில் இருப்பவருக்குத் தெரியும்,
அடியில் இன்னும் ஒருவர் இருக்கிறார் என்று.

சற்று முன் கேட்டேன்.
கீச்சு. பிறகு ஒரு பெண்குரல், அவசரமில்லாமல்:
இருவர் ஒன்றாய்ப் பேசினீர்கள்.
மற்றவர், திரும்பச் சொல்லுங்கள்.

இரண்டு மணி. ரயில் இல்லாத தண்டவாளம்,
அதற்கப்பால் கடல், அதில் நாலைந்து வெளிச்சம்.
எது அல்டோனா என்று தெரியவில்லை.

காலையில் லிஃப்டில் வெத்தசிங்கவைக் கண்டால்
சொல்ல வேண்டும்,
அது டீவிக்கு இல்லை என்று.