செருப்பு அட்டை

சால்மியாவில் நான்காவது மாடி.
ஆறு பிள்ளைகள், ஆறு கொக்கி, ஆறு தண்ணீர்க் குப்பி.
சுவரில் அவர்கள் மூக்கு உயரத்துக்கு
ஒட்டி எடுக்கும் அட்டைகள்:
கை, வாழைப்பழம், பந்து, கரண்டி, தலையணை, செருப்பு.
மாரிசெல் வரைந்தவை. அவள் வாழைப்பழம்
பிறை போலிருப்பதால் லுஜைன் தினமும் 'ஹிலால்' என்பாள்.
நாங்களும் நிலாவை உரித்துத் தருவோம்.

கடிகாரம் ஒன்று வாசலுக்கு மேலே உண்டு.
அது பெற்றவர்களுக்கு.

ஜூலையில் குழாய்த் தண்ணீரில் டீ போடலாம்.
ஹீட்டரை அணைத்துவிட்டு
அதன் வயிற்றில் இரவெல்லாம் ஆறிய நீரைப் பிடித்துத்தான்
ஒரு கை, மறு கை, விரலிடுக்கு.
ஜெபின் தன் ரப்பர் ஒட்டகத்துக்கும் கழுவுவான்.
ஒட்டகத்துக்கு நான்கு கை.
காத்திருப்போம்.

புதிதாய் வந்தபோது நான் மணியை நம்பினேன்.
பத்தரைக்குப் பழம், பன்னிரண்டுக்குச் சோறு என்று
அச்சடித்து ஃபிரிஜ் கதவில் ஒட்டினேன்.
அவர்களுக்குத் தெரிந்ததோ ஒன்றுதான்:
இதற்குப் பிறகு அது.
தூசுக்காற்றில் ஜன்னல் பழுப்பாகி
பகலிலேயே விளக்குப் போட்ட அன்றும்
கரண்டிக்குப் பிறகு தலையணை வந்தது,
தூங்கினார்கள்.

ஜெபினின் அம்மா ஷைனி, ஜாப்ரியா ஆஸ்பத்திரியில் நர்ஸ்.
ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, பிறகு இரவு.
கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு அவள் மாதம்.
"சாப்பிட்டானா?" என்பதற்கு முன்பே
"மன்னிச்சிடுங்க" வந்துவிடும்,
தாமதமே ஆகாத நாளிலும்.

போன செவ்வாய், பழம் முடிந்து பந்தை எடுக்கப் போனேன்.
அந்த இடத்தில் செருப்பு இருந்தது.
கடைசி அட்டையைக் கழற்றி
மூன்றாவதாய் ஒட்டியிருந்தான்,
ஓரத்தில் வாழைப்பழப் பிசுக்கு.
வாசலருகே நின்றான்,
இடம் வலம் மாற்றிப் போட்ட செருப்போடு.
செருப்பு வந்தால் அம்மா வரவேண்டும்.
நான்தான் சொல்லிக்கொடுத்தேன்,
ஏழு மாதமாய், ஒருநாளும் பிசகாமல்.

மாரிசெல் என்னைப் பார்த்தாள்.
"இல்லடா, இது கடைசி" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
சுவரைப் பொய்யாக்கிவிட்டால்
நாளைக்கு எதைக் காட்டுவேன்?

எல்லோரும் செருப்பு மாட்டினோம்.
கயிற்றின் முடிச்சுகளைப் பிடித்துக்கொண்டு
லிஃப்ட் வரை நடந்தோம். பொத்தானை அவன் அமுக்கினான்.
கதவு திறந்தால்
எகிப்துக்கார எலக்ட்ரீஷியன், ஏணியோடு.
திகைத்து சலாம் சொன்னார்.
ஆறு பேரும் சொன்னார்கள். கதவு மூடியது.
"அம்மா இதுல இல்ல" என்றான் ஜெபின், ஒட்டகத்திடம்.
அழவில்லை.
திரும்பி வந்ததும் கை கழுவினோம்.
வெளியே போய் வந்தால் கை. அதுவும் வரிசைதான்.

மாலையில் மாரிசெல் இன்னொரு செருப்பு வரைந்தாள்,
முந்தையதைவிடச் சிறியது, பக்கத்தில் லிஃப்ட்.
இப்போது தினமும் போகிறோம்.
சில நாள் யாருமில்லை.
ஒருநாள் ஒரு மெத்தை மட்டும் தனியாக வந்தது.
லுஜைன் அதற்கும் சலாம் சொன்னாள்.

நேற்று ஷைனி சீக்கிரம் வந்துவிட்டாள்,
தலையணை நேரத்தில், சானிட்டைசர் மணக்க.
ஜெபின் ஒரு கண்ணைத் திறந்தான்.
"இன்னும் செருப்பு வரலையே" என்றான்.
பாயைத் தட்டிக் காட்டினான்.
அவள் என்னைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்,
சுவரைப் பார்த்தாள்.
யூனிஃபார்மோடு படுத்தவள்
நான்கு மணி வரை எழவில்லை.

ஏழாவது கொக்கி எங்களிடம் இல்லை.
அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்.