படத்துக்குப் பேட்டா கிடையாது

ஐம்பது ரூபாய் டிக்கெட் வாங்கி
நான் செத்துப்போன வீட்டுக்குள் நுழைகிறேன்.
செருப்பை வெளியே விடச் சொன்னார்கள்.
அப்போதும் அப்படித்தான்,
லைட் பையன்கள் மட்டும் ஷூவோடு நடப்பார்கள்.

கானாடுகாத்தானில் இந்த வீட்டுக்கு
நாள் வாடகை இருபத்தைந்தாயிரம்.
எனக்கு ஆயிரத்து ஐந்நூறு.
சொந்தக்காரர்கள் கோலாலம்பூரில்.
நானூற்றுப் பன்னிரண்டு எபிசோடு
நான்தான் இங்கே பெரிய ஆச்சி,
இடுப்பில் எதையும் திறக்காத சாவிக்கொத்து.
மருமகள் பாலில் எதையோ கலக்க
தூண் மறைவில் ஒரு தடவை திரும்பினேன்.
டிவியில் மூன்று தடவை திரும்பினேன்.

அதற்கு முன்னால்
புதுவயல் நாகரெத்தினம் என்றால்
நோட்டீசில் நாலாவது வரி.
ஸ்திரீபார்ட் வராத அன்று ஸ்திரீபார்ட்,
வந்துவிட்டால் தோழி, அரக்கி, அசரீரி.
ஒருமுறை அமராவதிபுதூர்ப் பக்கம்
பபூனுக்குக் காய்ச்சல்; நானே பபூன்.
ராத்திரி பத்துக்கு ஏறினால்
காக்கா கத்தும்வரை இறங்க முடியாது.
ஜெனரேட்டர் மக்கர் பண்ணும், மைக் போகும்,
பொட்டலில் துண்டு விரித்துப் படுத்திருக்கும்
கடைசி ஆளுக்கும் எட்ட வேண்டும் குரல்.
எட்டும்.
"நாகு, நீ மூச்சு விட்டாலே
கம்மாக்கரை திரும்பிப் பாக்குது" என்பார்
ஆர்மோனியம் சம்முகராசு.
பாராட்டினாரா
சுருதி விலகலைச் சொன்னாரா,
கடைசிவரை கேட்கவில்லை.

சீரியலில் முதல் நாளே டைரக்டர் சொல்லிவிட்டார்:
"முகம் அருமைம்மா. குரல்தான் டிராமா."
என் வாயசைவுக்கு
வடபழனியில் ஒரு பெண் பேசினாள்.
இருபத்தெட்டு வயதாம், பெயர் தெரியாது.
வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்து
நான் அழுவதை அவள் குரலில் கேட்பேன்.
நன்றாகத்தான் அழுதாள்,
எனக்கே தொண்டை அடைத்தது.

காரைக்குடிச் சந்தையில் கத்திரிக்காய்க்காரி
"அந்தப் புள்ளையை ஏன் இந்தப் பாடு படுத்துற?" என்று
அழுகல் இரண்டை உள்ளே தள்ளுவாள்.
நான் செத்த வாரம்
கையளவு கூடப் போட்டாள்.

செத்தது இப்படி:
பேட்டாவில் முந்நூறு கூட்டிக் கேட்டேன்.
"பாக்கலாம்மா" என்றார் மேனேஜர்.
திங்கட்கிழமை, என் சேலையைக் கட்டிக்கொண்டு
மாடிப்படியில் உருண்டான் ஒரு டூப் பையன்.
செவ்வாய்க்கிழமை
என் முகத்தைச் சட்டம் போட்டு
வீட்டின் நிஜ முன்னோர் வரிசையில்
காலியாயிருந்த ஆணியில் மாட்டினார்கள்.
ஒன்றரை வருஷம்
மருமகள் என்னைப் பார்த்துத்தான் சத்தியம் செய்தாள்,
என்னைப் பார்த்துத்தான் திருந்தினாள்.
படத்துக்குப் பேட்டா கிடையாது
என்று போனில் சிரித்தார் மேனேஜர்.
நானும் சிரித்தேன். தொழில்.

யூனிட் காலி செய்தபோது
பிளாஸ்டிக் வாழை, டிராலி, தெர்மாகோல் சிங்கம்
எல்லாம் வேனில் ஏறின.
என்னை மறந்துவிட்டார்கள்.

இதோ, கைடு பையன்
பிரெஞ்சுக்காரர் நாலு பேரையும்
திருப்பூர்க் குடும்பம் ஒன்றையும் ஓட்டி வருகிறான்.
பர்மாத் தேக்கு. இத்தாலிப் பளிங்கு.
முட்டை வெள்ளைக்கருப் பூச்சு, தடவிப் பாருங்க.
"இவங்க பெரிய ஆச்சி.
ரங்கூன் பணத்தை ஒத்தையா நின்னு காப்பாத்துனவங்க."
திருப்பூர்க்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.
அவர் மனைவி மட்டும்
படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

நான் ரங்கூன் பார்த்ததில்லை.
தேவகோட்டை ரஸ்தாவில் ரயில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் படம் கோணல்.
இடப்பக்கம் ஒரு விரற்கடை இறக்கம்.
கண்ணில் பட்டபின் சும்மா இருக்க முடியவில்லை.
"தம்பி, அதை நேரா மாட்டுங்க."

மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன்.
பழக்கம்,
வளவைத் தாண்டி அடுப்படிக் கட்டுவரை போய்
இரண்டு புறாவைக் கிளப்பிவிட்டுத் திரும்பியது.
பிரெஞ்சுக்காரர்கள் கைதட்டலாமா என்று யோசித்தார்கள்.
திருப்பூர் மனைவி என்னிடம் வந்து,
"நீங்க அந்த சீரியல்ல..." என்று தொடங்கி,
உற்றுப் பார்த்து,
"இல்ல. அவுங்க குரல் வேற" என்றாள்.

பையன் ஸ்டூல் போட்டு ஏறினான்.
"போதுமா?"
"இன்னுங் கொஞ்சம் மேல."