நாலாம் கேள்விக்குப் பத்து மதிப்பெண்

இந்த ஊரின் பெயரைத் தமிழில் எழுதினால்
போகும் என்று வருகிறது.
எது போகும், எங்கே போகும் என்று
பெயர்ப்பலகையைக் கேட்டபடி
பல்கலைக்கழக நிறுத்தத்தில் இறங்குகிறேன்,
முதுகுப்பையில் நாற்பத்தொரு விடைத்தாள்.

பிப்ரவரி. ஐந்தரைக்கே இருட்டு.
ஆய்வுக்கூடத்தில் ஹீட்டர் மட்டும் பேசுகிறது.
சிவப்புப் பேனா, ஆறிய தேநீர்,
பேராசிரியர் ஹ்யூல்ஸ்மன் தந்த பட்டியல்:
சூத்திரத்துக்கு மூன்று,
பிரதியீட்டுக்கு மூன்று,
விடைக்கு நான்கு.
அலகு விட்டுப்போனால் ஒன்று குறை.

நாலாம் கேள்வி இது:
நிலக்கரி எடுத்ததால் பதினெட்டு மீட்டர் தாழ்ந்த நிலம்.
அதில் ஒரு குடியிருப்பு, மூவாயிரம் பேர்.
மழைநீரையும் ஊற்றுநீரையும்
மேலே ஓடும் ஆற்றுக்கு ஏற்ற
எத்தனை கிலோவாட் பம்பு வேண்டும்?
திறன் எழுபத்தைந்து விழுக்காடு எனக் கொள்க.

எல்லாரும் கொண்டார்கள்.
முப்பத்தாறு தாள்வரை ஒரே விடை,
தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இடம்,
அடியில் இரட்டைக் கோடு.

முப்பத்தேழாவது யோரிண்டெ பியோன்டெக்குடையது.
கடைசி வரிசை. சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே
பாதி வகுப்பு உட்கார்ந்திருப்பவள்.
சரியாகத்தான் தொடங்கியிருக்கிறாள்.
ஆறாவது வரியில் நிறுத்திவிட்டுப் பென்சிலில்:

எவ்வளவு காலம் ஓட வேண்டும் என்று கேள்வியில் இல்லை.
நிறுத்தினால் நிலம் ஏரி. ஆகவே காலம் முடிவிலி.
மின்கட்டணமும் முடிவிலி.
கரி விற்ற காசு முடிவிலி அல்ல.
மீதியை யார் கட்டுவார் எனக் கொள்க?

இரட்டைக் கோடு போடும் இடத்தில்
கூரை மட்டும் தெரியும் ஒரு வீடு.
புகைபோக்கியின் மேல் ஒரு வாத்து.

பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன்.
வாத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை.

நெய்வேலி குவார்ட்டர்ஸில்
இரவும் பகலும் பம்பு ஓடும்.
சுரங்கம் நனையாமலிருக்க
பூமிக்கடியிலிருந்து இறைத்த நீர்.
சத்தம் நின்றால் தெரு முழுக்க விழித்துக்கொள்ளும்.
ஓடும்வரை யாரும் கேட்கவில்லை.
கல்லூரியில் எனக்கும் இதே கணக்கு வந்தது,
இதே எழுபத்தைந்து விழுக்காடு.
பக்கத்து பெஞ்சில் தண்டபாணி.
அவன் வீட்டுக் கிணறு அந்த வருஷம்தான் வற்றியது.
அவனும் பத்துக்குப் பத்து.
வெளியே வந்து பரோட்டா சாப்பிட்டோம்,
கேள்வி சுலபம் என்று பேசிக்கொண்டோம்.

பேராசிரியருக்கு போன் போட்டேன்.
"விடை இருக்கிறதா?"
இல்லை.
"அப்படியென்றால் இல்லை.
நல்ல கேள்விதான், கருத்தரங்கில் கேட்கலாம்.
மேல்முறையீடு வந்தால் வாத்தைக் காட்ட முடியாது."
நியாயம்.

சூத்திரம் மூன்று, பிரதியீடு மூன்று.
கூட்டினால் ஆறு.
அலகுக்கு ஒன்று குறைக்க வேண்டும்.
குறைக்கவில்லை.
வாத்துக்கு இருக்கிறதே.

பிறகு மற்ற நாற்பது தாளையும் மறுபடி எடுத்தேன்.
ஒவ்வொரு இரட்டைக் கோட்டுக்கும் அருகில்
எவ்வளவு காலம்? என்று எழுதினேன்.
மதிப்பெண்ணைத் தொடவில்லை.
இருபத்தெட்டாவதில் கை வலித்தது.
முப்பத்தொன்றில் பேனா தீர்ந்தது.
பென்சிலுக்கு மாறினேன்.

ஹெர்னேயில் இறங்கி வீட்டுக்குப் போகும் வழியில்
ஓடைக்கரையில் ஒரு செங்கல் கட்டடம்.
மூன்று வருஷமாகத் தினம் கடக்கிறேன்,
மின்வாரியம் என்று நினைத்துக்கொண்டு.
இன்றுதான் வேலியருகே நின்றேன்.
உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

கதவில் ஒரு தகடு:
பழுது கண்டால் அழைக்கவும்.
எந்தப் பழுதும் கேட்கவில்லை,
பம்பு நன்றாகத்தான் ஓடுகிறது.
இருந்தாலும்
எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.