சேலைன் ஸ்டாண்டில் ஒரு செடி

மாங்குளம் தாதியர் விடுதியில்
சில்லுக் கழன்ற சேலைன் ஸ்டாண்ட் ஒன்று
சன்னலோரம் நிற்கிறது.
கழிவுப் பட்டியலில் பெயர் ஏறி நாலு மாதம்,
எடுக்க ஆள் வரவில்லை.

தலவாக்கலைக்குப் போய்வந்த லோகேஸ்வரி
யோகட் கோப்பையில் அந்தக் கொடியைக் கொண்டுவந்தாள்,
மூன்று பஸ் மாறி, மடியில் வைத்து.
"குளிருல பொறந்த புள்ள.
ஒங்க வெயிலுக்குப் பழகட்டும்."
பச்சைப் பட்டாணியை நூலில் கோத்ததுபோல்
ஏழு சரம்.
முத்துக்கொடி என்பது நாங்கள் வைத்த பெயர்.
ஒவ்வொரு மணியிலும் நகக்கீறல்போல் ஒரு கோடு,
அதற்குள்ளால் வெளிச்சம் உள்ளே போகுமாம்.
டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
போகிறது.

எனக்கு இரவுக்கடமை, டிலோஜினிக்குப் பகல்.
அவள் எழும்பிய சூட்டில்தான் நான் படுப்பேன்.
சாவி கைமாறும் அரை நிமிடம்
இரண்டு பேரும் தரையைப் பார்ப்போம்.
சித்திரை லீவில் தொடங்கிய சண்டை,
கச்சான் காற்றடிக்கும் வரை வந்துவிட்டது.

கிணறு அடிச்சேற்றைக் காட்டிய ஆனியில்
பவுசர்த் தண்ணீரை வாளிக்கணக்கில் பிரித்தோம்.
என் பங்கில் கடைசிக் கோப்பை செடிக்கு.
மணிகள் வெளிறின. கண்ணாடியாகின.
தொட்டால் கொழகொழ.
தாகம் என்று நினைத்தேன்,
இன்னும் ஒரு கோப்பை விட்டேன்.

லோகேஸ்வரி வேரைக் கிளப்பி மணந்து பார்த்தாள்.
"யாரு தண்ணி ஊத்துனது?"
"நான், வேலைக்குப் போகமுன்."
"நான், வேலையால வந்து"
கதவடியில் டிலோஜினி.

வார்ட்டில் ஒரே மருந்தை
இருவர் கொடுத்தால் விசாரணை வரும்.
இங்கே விசாரிக்க
ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்க்கவேண்டும்.

ஏழில் ஒரு சரத்தின் மேற்பாதி மட்டும் இறுக்கமாய் இருந்தது.
கத்தரிக்கோல் என்னுடையது, ஸ்பிரிட் அவளுடையது.
வெட்டுவாய் காயும்வரை மூன்று நாள்
மேசையில் வெறுமனே கிடக்கவேண்டுமாம்.
நட்டுவிடச்சொல்லிக் கை துறுதுறுத்தது.
பஞ்சு வைக்காமல், கட்டுப் போடாமல்
ஒரு காயத்துக்குப் பக்கத்தில் இருந்து
தேத்தண்ணீர் குடிப்பது
எங்களுக்குப் படிப்பிக்காத பாடம்.

பிறகு கனகராயன் ஆற்று மணல்,
கொஞ்சம் ஓட்டுத்தூள், கொஞ்சம் மக்கிய இலை.
குத்தி நடவில்லை.
சரத்தை வட்டமாய்ச் சுருட்டி மேலே படுக்கவைத்து
அவளின் ஹேர்பின் இரண்டால் கொளுவினோம்.

இப்போது ஸ்டாண்டில் ஒரு சீட்டுத் தொங்குகிறது.
திகதி, அளவு, கையெழுத்து.
மணி சுருங்கினால் மட்டும் இரண்டு கரண்டி,
மற்ற நாட்களில்
"பார்த்தேன், விடவில்லை" என்று எழுதவேண்டும்.
பார்த்துவிட்டு விடாமல் போவதற்குத்தான்
அதிக நேரம் எடுக்கிறது.

புரட்டாதியில் ஒருநாள்
அளவு எழுதும் கட்டத்தில், சிவப்புப் பேனையால்:
"பொங்கல் லீவை நீ எடு."
நான் அதற்குக் கீழே
"இரண்டு கரண்டி" என்று எழுதிக்
கையெழுத்து வைத்தேன்.
அடுத்த நாள் பக்கத்தில் ஒரு சரி அடையாளம்.
கரண்டிக்கா லீவுக்கா, நான் கேட்கவில்லை.

கார்த்திகை. ஐந்தாம் நாளாய் மழை,
குளத்து வான்கதவு திறந்ததாக
ஆட்டோக்காரர் சொன்னார்.
சுவரெல்லாம் வேர்க்கிறது.
"பார்த்தேன், விடவில்லை" எழுதிவிட்டு
கடமைக்கு இறங்கமுன் டோர்ச் அடித்தேன்.
ஹேர்பின் பக்கத்தில் புதிதாய் ஒன்று,
கடுகளவு.
கோடு இன்னும் விழவில்லை.